கண்ணில் வானம் விழ வேண்டும்: பெங்களூரில் நாய்ப் படம் எடுப்பவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

தத்துப் போகக் காத்திருக்கும் நாய்களின் படங்கள் பெங்களூரு வாட்ஸப் குழுக்களில் தினமும் வந்தபடி இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே மாதிரிதான். நின்ற வாக்கில் மேலிருந்து எடுத்தது, நடுப்பகல் வெயில், கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் குழிகள், பின்னால் யாரோ ஒருவருடைய ஸ்கூட்டர். நாய் அருமையான நாயாக இருக்கும். படத்தைப் பார்ப்பவருக்கு அது தெரிய வழியே இருக்காது. 2023-இல் மாநகராட்சி எடுத்த கணக்குப்படி இந்த ஊரில் தெரு நாய்கள் மட்டும் ஏறக்குறைய 2.79 லட்சம். அவற்றில் ஒன்றுக்கு வீடு கிடைக்குமா என்பதை, போனில் விரல் தள்ளிக்கொண்டு போகும் ஒருவர் ஓரிரு நொடியில் முடிவு செய்கிறார். அந்த நொடியில் நாய்க்காகப் பேசுவது படம் ஒன்றுதான். வெளிச்சத்தையும் சட்டகத்தையும் பற்றி இத்தனை பிடிவாதமாக எழுதுவது அதனால்தான். வீட்டுச் செல்லத்தைப் படம் பிடிப்பவர்களுக்கும் இதே விதிகள் பொருந்தும்.

நல்ல நாய்ப் படத்தில் கேமராவின் பங்கு குறைவு. நாயை எங்கே நிறுத்துகிறோம், அது எந்தப் பக்கம் பார்க்கிறது, அப்போது மணி என்ன என்பதில்தான் முக்கால்வாசியும் அடங்கியிருக்கிறது. கையில் இருப்பது சாதாரண போன் என்றாலும் கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவற்றை இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

செய்ய வேண்டியவை

சூரியன் எழுவதற்கு முன்பே இடத்துக்குப் போய்விடுங்கள். பெங்களூரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13 டிகிரியில் இருக்கிறது. இங்கே சூரியன் சாய்வாக உலாவுவதில்லை, கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறிவிடும். ஐரோப்பாவில் எழுதப்பட்ட புகைப்படப் புத்தகங்கள் காலைப் பொன்னொளி ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பதாகச் சொல்லும். நமக்கு அது அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம்தான். ஜூன் தொடக்கத்தில் ஆறு மணிக்குச் சற்று முன்பே விடிந்துவிடும், ஜனவரிக் கடைசியில் ஆறே முக்கால் ஆகும். ஏழரைக்குக் கிளம்பிப் போனால் நல்ல வெளிச்சத்தின் வாலைத்தான் பிடிக்க முடியும். காலையில் இன்னொரு வசதியும் உண்டு. தரை குளிர்ந்திருக்கும், நாய்க்கு இளைக்காது, நாக்கு ஒரு முழத்துக்குத் தொங்காது. வாய் மூடி, காது நிமிர்ந்து, உற்றுப் பார்க்கும் முகம் கிடைப்பது இந்த நேரத்தில்தான். மாலை வெளிச்சமும் நல்லதுதான். ஆனால் பூங்காக்களில் கூட்டம் சேர்ந்துவிடும், நாயின் கவனம் பத்துத் திசையில் பறக்கும்.

நிழலின் விளிம்பைத் தேடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கப்பன் பார்க்கில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்றின் அடியில் நில்லுங்கள். நிழல் முடிந்து வெட்டவெளி தொடங்கும் கோடு தரையில் தெரியும். அந்தக் கோட்டுக்கு இரண்டடி உள்ளே நாயை உட்கார வையுங்கள், முகம் வெளிப்பக்கம் பார்க்கட்டும். நீங்கள் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி அதன் எதிரே மண்டியிடுங்கள். இப்போது கேமராவை எடுக்காமல் அதன் கண்ணை மட்டும் பாருங்கள். பழுப்பு விழியின் மேல் பாதியில் வெள்ளையாக ஒரு பிறை விழுந்திருக்கும். அது வானம். புகைப்படக்காரர்கள் கேட்ச்லைட் என்பது இதைத்தான். நாயை மெதுவாக மரத்தடியின் பக்கம் திருப்பிப் பாருங்கள். பிறை மெலிந்து மெலிந்து, ஓரிடத்தில் சட்டென்று அணைந்துவிடும். அந்தக் கணத்தில் முகமும் செத்துப்போகும். அதே நாய், அதே மரம், அதே கேமரா; மாறியது முகம் பார்க்கும் திசை மட்டும்.

நாய் வருவதற்கு முன்பே இடத்தைச் சோதிக்கவும் வழி உண்டு. உங்கள் கையை மடக்கி முஷ்டியாக முகத்துக்கு எதிரே நீட்டி, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றுங்கள். விரல் கணுக்களுக்கு நடுவே நிழல் எங்கே கருமையாக விழுகிறது, எங்கே மென்மையாகக் கரைகிறது என்று பார்த்தாலே, நாயின் முகம் எந்தத் திசையை நோக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பூங்காவுக்குப் போக முடியாதவர்களுக்குத் தெருவே போதும். அல்சூரிலோ ஃப்ரேசர் டவுனிலோ குறுகலான தெருவில் காலையில் ஒரு வரிசை வீடுகள் நிழலில் இருக்கும், எதிர் வரிசைச் சுவர்களில் வெயில் விழும். நிழல் பக்கத்து வாசற்படியில் நாயை உட்கார வைத்தால், எதிர்ச்சுவரின் சுண்ணாம்பு வெள்ளையே விளக்காகி அதன் முகத்தில் விழும். இத்தனை அழகான ஸ்டூடியோவை யாரும் காசு கொடுத்துக் கட்ட முடியாது.

மேகம் மூடிய நாளை வீணாக்காதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் இந்த ஊர் வானம் பல நாட்கள் சாம்பல் நிறமாகவே கிடக்கும். பலர் கேமராவை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். உண்மையில் மேகம் மூடிய வானம் முழுவதும் ஒரே விளக்காகிவிடுகிறது. கடுநிழல் இல்லை, நேரக் கெடுபிடி இல்லை, ரோமத்தின் ஒவ்வொரு இழையும் தெரியும். ஒரே ஒரு குறை, வெளிச்சம் மேலிருந்தே இறங்குவதால் கண்குழியில் லேசாக நிழல் தங்கும். அதற்கு நாயின் முகத்தைச் சற்று நிமிர வைத்தால் போதும். பிஸ்கட்டை லென்ஸுக்கு ஒரு சாண் மேலே பிடியுங்கள், கண்ணில் வானம் வந்துவிடும்.

தரையிலிருந்து வெளிச்சம் வாங்குங்கள். வெள்ளை வேட்டி ஒன்றை நான்காக மடித்து நாயின் முன்னங்காலுக்கு முன்னால், சட்டகத்துக்கு வெளியே விரித்துப் பாருங்கள். தாடைக்கடியில் இருந்த இருட்டு விலகும். நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்கும் ரிஃப்ளெக்டர் செய்வதும் இதேதான், அதோடு அது காற்றில் படபடத்து நாயை மிரட்டவும் செய்யும். பெங்களூரின் செம்மண் பாதைகளும் இந்த உதவியைச் செய்கின்றன. வெயில் பட்ட செம்மண் மேல்நோக்கி இளஞ்சூடான ஒளியைத் திருப்பி அனுப்பும். பழுப்பு நாட்டு நாய்க்கு அது அத்தனை பொருத்தம். புல்வெளி அப்படியல்ல. பச்சை ஒளி அடிவயிற்றிலும் கழுத்திலும் ஏறும். வெள்ளை நாயென்றால் நோய் வந்தது மாதிரி தெரியும்.

கீழே இறங்குங்கள். நாயின் கண் மட்டத்துக்கு லென்ஸ் வர வேண்டும். குட்டி என்றால் வயிறு தரையில் பட வேண்டும். எல்லியட் எர்விட் 1974-இல் நியூயார்க்கில் எடுத்த படம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. தொப்பி போட்ட குட்டி சிவாவா, அதன் பக்கத்தில் பூட்ஸ் அணிந்த பெண்ணின் கால்கள், அடுத்து ஒரு கிரேட் டேனின் நெடுங்கால்கள். கேமரா சிவாவாவின் உயரத்தில் இருந்ததால்தான் அந்தப் படமே இருக்கிறது. மனிதரின் நின்ற உயரத்திலிருந்து எடுத்திருந்தால் அது ஒரு நடைபாதைக் காட்சி, அவ்வளவுதான். இறங்கினால் இன்னொரு ஆதாயமும் உண்டு. பின்னணி தரையிலிருந்து தூரத்து மரங்களுக்கு மாறிவிடும், நாய் தனித்து எழுந்து நிற்கும்.

முதலில் பின்னணி, பிறகு நாய். டி. என். ஏ. பெருமாள் தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்து 2017-இல் மறைந்தவர், இந்தியக் காட்டுயிர்ப் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். நம் ஊர் இளைஞர்கள் பலருக்கு ஆசானாக இருந்தவர். நாய்ப் படம் எடுக்கப் போகும் முன் அவருடைய பறவைப் படங்களைத் தேடிப் பாருங்கள். பறவையோடு போட்டி போடும் கிளையோ வெளிச்சத் திட்டோ சட்டகத்தில் தலைகாட்டாது. அந்த ஒழுக்கம்தான் நமக்கும் வேண்டும். நாயை அழைத்து வருவதற்கு முன்பே மண்டியிட்டு, வெறும் இடத்தைச் சட்டகத்தில் பாருங்கள். குப்பைத் தொட்டி, பெஞ்சின் கை, யாருடைய காலோ, இலைகளின் நடுவே பளீரென்று வானத் துண்டு, இவற்றில் எது தெரிந்தாலும் ஒரு அடி நகருங்கள். பெரும்பாலும் ஒரு அடி போதும். நாய்க்கும் பின்னணிக்கும் நடுவே பதினைந்து இருபது அடியாவது இருக்கட்டும். தூரம் கூடக் கூடப் பின்னணி தானாகவே குழையும்.

கப்பன் பார்க்கின் மூங்கில் புதர்கள் நல்ல அடர்பின்னணி. கோடை தொடங்கும் முன் இளஞ்சிவப்பு டபேபூயாவும் ஊதா ஜகரண்டாவும் பூக்கும்போது எல்லோரும் மரத்தடிக்கே போய் நிற்கிறார்கள். மரத்தைவிட்டு நன்றாக முன்னால் வந்து, பூக்கள் தூரத்தில் வெறும் நிறமாகக் கரையும்படி எடுங்கள். உதிர்ந்த பூமேல் உட்கார வைத்தால் கண் பூவுக்குத்தான் போகும்.

ரோமத்தின் நிறத்துக்கு ஏற்பக் கேமராவைத் திருத்துங்கள். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கேமரா கணக்குப் போடும். வெள்ளை ராஜபாளையம் சட்டகத்தை நிறைத்தால் கேமரா அதை அழுக்குச் சாம்பலாக்கும். எக்ஸ்போஷரை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், ஆனால் நெற்றியிலும் மூக்குத் தண்டிலும் ரோம விவரம் வெளுத்துப் போகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பு லாப்ரடாரோ கன்னி இன நாயோ என்றால் நேர்மாறு, முக்கால் ஸ்டாப் குறையுங்கள். போனில் நாயின் முகத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் ஒரு சிறு சூரியக் குறி வரும். அதை மேலும் கீழும் இழுப்பதும் இதே வேலைதான்.

கறுப்பு நாயைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. தத்துப் படங்களில் அதிகம் அடிபடுவது அதுதான் என்பதால் சொல்கிறேன். கறுப்பு ரோமம் மினுக்கத்தில்தான் வடிவம் காட்டும். முன்னாலிருந்து தட்டையாக வெளிச்சம் விழுந்தால் முகம் ஒரு கறுப்புத் துணியாகிவிடும். ஒரு பக்கம் திறந்த வானம், மறுபக்கம் மரத்தின் இருட்டு என்று நிறுத்துங்கள். வானம் விழும் பக்கத்தில் கன்னமும் புருவ மேடும் வெள்ளி போல மின்னும், முகத்தின் செதுக்கு புலப்படும். பின்னணி அடர் பச்சையாகவோ கறுப்பாகவோ இல்லாமல் இளம்பச்சையாக, வெயில் பட்ட புல்லாக இருக்கட்டும். நாயின் காது எங்கே முடிகிறது என்று பார்ப்பவர் தேடக்கூடாது.

பார்வை போகும் பக்கத்தில் இடம் விடுங்கள். இடப்பக்கம் பார்க்கும் நாயை இடது ஓரத்தில் ஒட்டினால் அது சுவரில் முட்டிக்கொண்டு நிற்பது போல இருக்கும்.

சத்தத்தைச் சிக்கனமாகச் செலவழியுங்கள். பீப்பீ பொம்மைக்கு முதல் தடவை காது நிமிரும், தலை சாயும். நாலாவது தடவை நாய் திரும்பிக்கூடப் பார்க்காது. வெளிச்சம், சட்டகம், ஃபோகஸ் எல்லாம் தயாரான பிறகே ஒரே ஒரு முறை அழுத்துங்கள், பர்ஸ்ட்டில் பத்துப் படம் தட்டுங்கள். பந்து காட்டுவதானால் மஞ்சளோ நீலமோ வையுங்கள். நாயின் கண்ணுக்கு அந்த இரண்டும்தான் நன்றாகப் பிரிந்து தெரியும். சிவப்புப் பந்து புல்லின்மேல் கிடந்தால் அதற்கு எல்லாம் மங்கிய ஒரே நிறம்தான்.

செய்யக்கூடாதவை

காலை பத்து முதல் மாலை மூன்றரை வரை திறந்த வெயிலில் எடுக்காதீர்கள். ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும், நண்பகலில் பெங்களூரில் நட்ட குச்சிக்கு நிழல் விழுவதில்லை. சூரியன் நேர் உச்சியில் இருக்கும். மற்ற மாதங்களிலும் நிலைமை பெரிதாக மாறாது. டிசம்பர் நண்பகலில்கூட அது ஐம்பது டிகிரிக்கு மேலேதான் நிற்கிறது. நாயின் புருவ எலும்பு துருத்தியது, கண் உள்வாங்கியது. உச்சி வெயிலில் கண் முழுக்க இருட்டிலும் மூக்கு முழுக்க வெளுப்பிலும் போகும். அதைவிட முக்கியம், அந்த நேரத்துத் தார்ச்சாலையும் சிமெண்ட்டும் பாதத்தைப் பொசுக்கும். புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஐந்து நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயை அங்கே நிறுத்தக்கூடாது.

இலைச் சல்லடை வெயிலில் ஏமாறாதீர்கள். நம் கண்ணுக்கு மரத்தடி அழகு. கேமராவுக்கு அது முகத்தில் வெள்ளைத் தேமல். ஒரு காது பளிச், ஒரு கண் கறுப்பு, மூக்கில் ஒரு காசு அளவு வெளிச்சம். எந்த மென்பொருளும் இதைச் சரியாக்காது. குல்மொஹரின் சன்ன இலைகள் இதில் மிகவும் ஏமாற்றும். அடர்ந்த மரத்துக்கு நகருங்கள், அல்லது யாராவது குடையைப் பிடித்து நாயின் முகத்தை முழு நிழலாக்கட்டும்.

ஃப்ளாஷ் வேண்டாம். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் இருக்கிறது. இருட்டில் பார்க்க அதற்குக் கிடைத்த வரம். ஃப்ளாஷ் பட்டால் அது பச்சையாகவோ மஞ்சளாகவோ எரியும். பயந்த தெரு நாய் ஒரு முறை அந்த வெட்டொளியைக் கண்டுவிட்டால் அன்றைக்கு உங்கள் பக்கமே திரும்பாது.

போனை மூக்குக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். அகல லென்ஸ் அரையடியில் மூக்கை உருளைக்கிழங்காக்கி, காதைச் சுருக்கிவிடும். ஆறேழு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு லென்ஸைப் பயன்படுத்துங்கள்.

லென்ஸின் துளையை முழுக்கத் திறக்காதீர்கள். எஃப் 1.8-இல் கண் கூர்மையாக வந்தால் மூக்கு மங்கும். மூக்கு நீண்ட முதோல், சிப்பிப்பாறை வேட்டை நாய்களுக்கு இது இன்னும் மோசம். எஃப் 4 போதும். பின்னணியைக் குழைக்கும் வேலையைத் தூரம் பார்த்துக்கொள்ளும். ஃபோகஸ் எப்போதும் உங்களுக்கு அருகில் இருக்கும் கண்மேல்தான். உட்கார்ந்த நாய்க்கு ஷட்டர் 1/250, ஓடினால் 1/1000-க்குக் கீழே இறங்க வேண்டாம். மரத்தடியில் அதற்காக ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும், மணல் மணலாகத் தெரியும் படத்தை மன்னிக்கலாம், அசைந்த கண்ணை மன்னிக்க முடியாது. போனின் போர்ட்ரெய்ட் மோடு காது நுனியையும் மீசையையும் தின்றுவிடுகிறதா என்று ஒவ்வொரு படத்திலும் சரிபாருங்கள்.

காது நுனியையும் பாதத்தையும் வெட்டாதீர்கள். நெருங்குவதானால் துணிந்து நெருங்கி முகம் மட்டும் எடுங்கள். முழு உடல் என்றால் பாதத்துக்குக் கீழே கொஞ்சம் தரை விடுங்கள். மூட்டில் வெட்டுப்பட்ட கால் பார்ப்பவரை உறுத்தும்.

படத்துக்காக லீஷை அவிழ்க்காதீர்கள். கப்பன் பார்க் ஊரின் நடுவே சாலைகள் சூழ்ந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே வண்டி வராது, நாய் வளர்ப்பவர்களும் அன்று காலைதான் கூடுகிறார்கள். இருந்தாலும் ஒரு அணில் போதும், உங்கள் நாய் கஸ்தூர்பா சாலை வரை ஓட. மெல்லிய லீஷை நண்பர் ஒருவர் பக்கவாட்டில் தளர்த்திப் பிடிக்கட்டும், முகத்தின் குறுக்கே வராமல் பார்த்துக்கொண்டால் பிறகு கணினியில் அதை அழிப்பது சில நிமிட வேலை. பூங்காக்களிலும் ஏரிக்கரைகளிலும் நாய்க்கு அனுமதி உண்டா என்று வாசல் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். பணம் வாங்கிக்கொண்டு படம் எடுப்பவர்கள் கப்பன் பார்க்கில் தோட்டக்கலைத் துறையின் அனுமதி இல்லாமல் இறங்கக்கூடாது.

நாய் வேண்டாம் என்று சொல்வதைக் கேட்காமல் இருக்காதீர்கள். லென்ஸ் அதற்கு இமைக்காமல் முறைக்கும் ஒரு பெரிய கண். நாய்களின் உலகில் முறைப்பது சண்டைக்கு அழைப்பு. முதலில் கேமராவைத் தரையில் வைத்து முகர விடுங்கள். உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக் கடைக்கண்ணில் வெண்விழி காட்டுவது, காதைப் பின்னால் படியவைப்பது, இவை எல்லாம் போதும் என்று சொல்வதுதான். அப்படி வந்த முகம் படத்திலும் அப்படியேதான் தெரியும். தலையை இரு கையால் பிடித்துத் திருப்புவது, உட்கார் உட்கார் என்று அதட்டுவது வேண்டாம். குட்டி போட்ட தெரு நாயின் பக்கம் கேமராவோடு போகவே வேண்டாம்.

நாய்க்குக் கறுப்புக் கண்ணாடி, தொப்பி, சட்டை மாட்ட வேண்டாம்.

தத்துப் படத்தில் உண்மையை அழிக்காதீர்கள். கண்ணில் ஒட்டிய பீளையைத் துடைத்துவிட்டு எடுங்கள், கணினியில் வெண்மையைக் கூட்டுங்கள், அதில் தவறில்லை. ஆனால் ஆறிய தழும்பு, மங்கிய ஒரு கண், குறைபட்ட கால் இவை அந்த நாயோடு சேர்ந்தவை. வீட்டுக்குக் கூட்டிப்போகிறவர் அதைப் படத்திலேயே பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பப்படும் வலி நாய்க்குத்தான். காது ஓரத்தில் சிறிய வெட்டு இருந்தால் அதையும் நிரப்பாதீர்கள். கருத்தடை அறுவை முடிந்தது என்பதற்கான அடையாளம் அது, தத்தெடுப்பவர் முதலில் கேட்கும் கேள்விக்கே பதில். மூன்று படம் அனுப்புங்கள்: கண்ணில் வானம் விழுந்த முகம் ஒன்று, பக்கவாட்டில் முழு உடல் ஒன்று, ஒரு மனிதரின் முழங்காலுக்கு அருகே நாய் நிற்பது ஒன்று. கடைசிப் படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, நாய் எவ்வளவு உயரம் என்று தெரிந்தால் போதும்.